களத்து நெல்லும் கணக்கில் வராத வட்டியும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

வட்டி ஹராம் என்பதில் நம் சமுதாயத்தில் இருவேறு கருத்துகள் இல்லை. மக்தபில் ஓதும் சிறு பிள்ளையைக் கேட்டாலும் அதைச் சொல்லிவிடும். ஆயினும் வட்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வங்கிக் கணக்கும், வீட்டுக் கடனும், தினவட்டிக்காரரின் கைப்பையுமே. அறுவடை நாளில் களத்துமேட்டில் நெல் எடை போடப்படும் தராசின் அருகிலும் வட்டி வந்து அமர்ந்திருக்கிறது என்பது நம் உரைகளில் இடம்பெறுவதில்லை. காரணம், அங்கே அதற்கு வட்டி என்று பெயரில்லை. முன்பணம் என்றும், கமிஷன் என்றும், எடைக்கழிவு என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. பெயர் மாறினால் ஹுக்மும் மாறிவிடும் என்று எந்த மத்ஹபின் கிதாபிலும் நாம் ஓதியதில்லை.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது ஒன்றே. விளைபொருள் வணிகத்தையும், விவசாயிக்குக் கொடுக்கப்படும் கடனையும் கண்காணிப்பது ஆட்சியாளர் மீதுள்ள பொறுப்பு. அப்பொறுப்பை நிறைவேற்றுமாறு சட்டமன்றத்தை வலியுறுத்துவது, தீமையைத் தடுக்கும் கடமையின் ஒரு பகுதி. அக்கடமை நம்முடைய சொந்தக் கடைவாசலில் தொடங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இரண்டு ஏக்கர் பயிரிடும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். நாற்று விடும் நாளில் கையில் பணமில்லை. மண்டிக்காரர் 50,000 ரூபாய் கொடுக்கிறார். "நமக்குள் வட்டி எதற்கு? நெல்லை மட்டும் நமக்கே போட்டுவிடுங்கள்" என்கிறார். நான்கு மாதம் கழித்து 40 குவிண்டால் நெல் விளைகிறது. ஊரில் அன்றைய விலை குவிண்டாலுக்கு 2,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் வாங்கியவருக்கு 2,100 ரூபாய்தான். அதில் 4,000 ரூபாய் போயிற்று. எடைக்கழிவு என்று குவிண்டாலுக்கு ஒரு கிலோ வீதம் 40 கிலோ பிடிக்கப்படுகிறது. அதில் 840 ரூபாய் போயிற்று. மூன்று சதவீதக் கமிஷன் ஏறக்குறைய 2,500 ரூபாய். ஆக, 7,300 ரூபாய்க்கு மேல் அவருடைய கையை விட்டுப் போகிறது. முதலாகிய 50,000 ரூபாயோ தனியே, முழுதாகக் கழித்துக்கொள்ளப்படுகிறது.

50,000 ரூபாய்க்கு நான்கு மாதத்தில் 7,300 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 சதவீதம். நாம் வெறுத்தொதுக்கும் வங்கி கூட நகைக் கடனுக்கு இவ்வளவு கேட்பதில்லை. இதை வாங்கியவர், "ஒரு பைசா வட்டி வாங்கியதில்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்று முதல் ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டுப் போகிறார். விலையும் சதவீதமும் ஊருக்கு ஊர் வேறுபடலாம். ஆனால் கடன் கொடுத்தவருக்கே விற்க வேண்டும் என்ற கட்டு இருக்கும் இடமெல்லாம் கணக்கு இந்த வழியில்தான் ஓடும்.

"இது ஸலம் வியாபாரம்தானே?" என்று சிலர் வாதிடுகின்றனர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளோர் கனிகளுக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தனர். அதை நபியவர்கள் அனுமதித்தார்கள். ஆனால் அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் ஸலமுக்கு முழு விலையும் ஒப்பந்தம் பேசும் இடத்திலேயே கொடுக்கப்பட வேண்டும். அதாவது, விலை அன்றே முடிந்துவிட வேண்டும். மண்டி முன்பணத்தில் விலை என்றைக்கு முடிவாகிறது? நெல் களத்தில் குவிந்த பின்னர், மழை மேகம் திரண்ட வேளையில், வாங்குபவருடைய வாயால் முடிவாகிறது. இது எப்படி ஸலம் ஆகும்?

இது கடன். கடனோடு விற்பனை கட்டப்பட்டிருக்கிறது. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பது ஆகுமானதல்ல என்று நபியவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. கடன் கொடுத்தவர் அக்கடனின் காரணமாக நிபந்தனையிட்டுப் பெறும் ஆதாயம் வட்டியாகும் என்பது ஃபிக்ஹு கலையில் பாலபாடம். பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் அந்தப் பாடம் கமிஷன் மண்டிக்கும் பொருந்தும்.

"வணிகம் ஹலால்" என்பதோடு நிறுத்துவோர்

அரசு சந்தையில் தலையிடக் கூடாது, விற்பவரும் வாங்குபவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், வணிகத்தை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்கிறான் என்று நம்மவர்களில் சிலர் பேசுவதைக் கேட்கிறோம். அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனத்தில் பாதியை மட்டும் அவர்கள் ஓதுகின்றனர். அதே வசனம்தான் வட்டியை விலக்குகிறது. வணிகமும் வட்டியும் ஒன்றே என்று வாதிட்டவர்களை அதே வசனம்தான் கண்டிக்கிறது. எது வணிகம், எது வட்டி என்று பிரித்துக் காட்டும் கண்காணிப்பு இல்லாத சந்தையில் இரண்டும் கலந்து விற்கப்படும். பாலில் தண்ணீர் கலந்ததைப் பாலின் நிறத்தைக் கொண்டு கண்டுபிடிக்க இயலாது.

அண்ணலார் (ஸல்) மதீனாவின் ஆட்சித் தலைவராகவும் இருந்தார்கள். சந்தைக்கு நேரில் சென்றார்கள். ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. அந்த வணிகரைக் கண்டித்து, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் உள்ள இச்செய்தியைப் பல முறை கேட்டிருக்கிறோம். அதில் ஆட்சித் தலைவரின் கை சந்தைக்குள் நுழைந்தது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். இன்று நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் பார்க்கும் கருவி இருக்கிறது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல் திருப்பப்படும். விற்பவரின் நெல்லைச் சோதிக்கக் கருவி உண்டு. வாங்குபவரின் தராசை, தரகரின் கணக்கேட்டை, மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கும் கையைச் சோதிப்பது யார்? அளவில் மோசம் செய்வோருக்கென்றே ஓர் அத்தியாயம் இறக்கியருளிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர் இக்கேள்வியை உரக்கக் கேட்க வேண்டும்.

மற்றொரு செய்தியையும் நோக்குவோம். சரக்குடன் வரும் வெளியூர்க் கூட்டத்தாரைச் சந்தைக்கு வருமுன்பே வழியில் மறித்து வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கப்பட்டுவிட்டால், சரக்குக்குரியவர் சந்தைக்கு வந்து விலையைத் தெரிந்துகொண்ட பின் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். சந்தை விலை தெரியாத உற்பத்தியாளருக்கும் அதைத் தெரிந்துவைத்துள்ள வணிகருக்கும் இடையே பேரம் சமமாக இருக்காது. அந்தச் சமமின்மையைச் சீராக்க, முடிந்துபோன வியாபாரத்தையே முறிக்கும் அதிகாரத்தை ஷரீஅத் பலவீனருக்குத் தந்தது.

"நபியவர்களிடம் விலை நிர்ணயம் செய்யக் கோரியபோது மறுத்துவிட்டார்களே!" என்று ஓர் எதிர்வாதம் எழும். உண்மைதான். ஆனால் மறுத்ததற்கு அவர்கள் சொன்ன காரணத்தையும் சேர்த்தே ஓத வேண்டும். எவருடைய உயிர், உடைமை விஷயத்திலும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றார்கள். அநீதிக்கு அஞ்சி மறுத்த செய்தியை அநீதிக்குக் கேடயமாக்கலாமா? பஞ்சத்தால் தானாக உயரும் விலை வேறு, ஒரு சிலர் கூடிப் பேசி ஏற்றவோ இறக்கவோ செய்யும் விலை வேறு என்று இமாம் இப்னு தைமிய்யா தமது 'அல்ஹிஸ்பா' நூலில் பிரித்துரைக்கிறார். பிந்தியதில் ஆட்சியாளர் தலையிடுவது கடமையாகும் என்பதே அவருடைய முடிவு.

சட்டம் எழுதியவர்கள் திரும்பிப் பார்த்தார்களா?

நம் மாநிலத்தில் சட்டங்களுக்குக் குறைவில்லை. சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டிலேயே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்பட்டது. இன்று நடைமுறையில் உள்ளது 1987ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம். அதன் கீழ் இயங்கும் கூடத்தில் மறைமுக ஏலம் நடைபெறும்; எடை சரியாக இருக்கும்; விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை; கட்டணம் வாங்குபவரிடமிருந்தே பெறப்படும். ஏறத்தாழ ஃபிக்ஹு நூலின் சந்தைப் பாடத்தைப் படித்தவர் எழுதியது போலவே இருக்கிறது! ஆனால் மண்டிக்குக் கடன்பட்டவர் அந்தக் கூடத்தின் வாசலை மிதிக்க முடியாது. அவருடைய மூட்டைகள் களத்திலேயே கைமாறிவிடுகின்றன.

கடனைப் பொறுத்தவரை, 1938இல் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை காலத்தில் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. பழைய கடன்களில் நிலுவையாக நின்ற வட்டியை அது துடைத்தெறிந்தது. முதலைப் போல் இரு மடங்கு கட்டி முடித்தவருடைய கடன் முழுவதும் தீர்ந்ததாக அறிவித்தது. பின்னர் 1957இல் கடன் கொடுப்போர் சட்டம். அதன்படி வட்டித் தொழில் நடத்த உரிமம் தேவை. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம்; அதன்படி மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

இச்சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2017 அக்டோபரில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் இரண்டு குழந்தைகளோடு தீக்கிரையானது. கந்துவட்டிக் கொடுமை குறித்து அவர்கள் பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். சட்டம் இருந்தது. மனுவும் இருந்தது. இரண்டுக்கும் இடையே நிற்க வேண்டிய கண்காணிப்பு மட்டும் இல்லை. 2025இல் கடன் வசூலில் வன்முறையைத் தடுக்க மற்றொரு சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் முந்திய சட்டத்தின் கீழ் எத்தனை வழக்குகள் பதியப்பட்டன, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர், எத்தனை புகார்கள் காவல் நிலையத்து வாசலிலேயே 'சமாதானம்' செய்து அனுப்பப்பட்டன என்ற கணக்கை ஆண்டுதோறும் அவையில் வைக்கச் சொல்லி உறுப்பினர்கள் கேட்க வேண்டும். கேட்காவிடில் புதிய சட்டமும் பழையதன் பக்கத்தில் அலமாரியில் அடுக்கப்படும்.

கரும்பு விவசாயிகளின் கதை இதைவிடக் கசப்பானது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். அப்படியிருந்தும் நிலுவைத் தொகைக்காக விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் அலைவது நாடறிந்த செய்தி. தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் 2022 நவம்பர் இறுதியில் கரும்பு விவசாயிகள் தொடங்கிய காத்திருப்புப் போராட்டத்தில் வேறொரு குற்றச்சாட்டும் இருந்தது. ஆலைத் தரப்பு விவசாயிகளின் பெயரிலேயே வங்கிகளில் கடன் பெற்றுவிட்டது. வங்கியோ விவசாயிகளைக் கடனாளி என்கிறது என்பதே அது. விற்ற கரும்புக்குப் பணம் வரவில்லை, வாங்காத கடனுக்கு நோட்டீஸ் வருகிறது! வசதியிருந்தும் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுவது அநீதி என்று நபியவர்கள் சொன்னதைக் கடன் வாங்கிய ஏழைக்கு மட்டும் நினைவூட்டுகிறோம். ஆலைக்கும் அது பொருந்தும்.

இனி, நாடாளுமன்றத்தைப் பார்ப்போம். மூன்று வேளாண் சட்டங்கள் 2020 ஜூனில் அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பரில் அவை மசோதாக்களாக நாடாளுமன்றத்துக்கு வந்தபோது தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கேட்டார்கள், அனுப்பவில்லை. மாநிலங்களவையில் வாக்குகளை எண்ணக் கேட்டார்கள். குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. அவற்றுள் வணிகம் தொடர்பான சட்டம், பான் அட்டை வைத்திருக்கும் எவரும் ஒழுங்குமுறைச் சந்தைக்கு வெளியே விளைபொருளை வாங்கலாம் என்றது. தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, கோட்ட அளவிலான அதிகாரியிடம்தான் முறையிட வேண்டும் என்றது. வழியில் மறித்து வாங்கப்பட்டவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமை தந்தது சுன்னா. சந்தைக்கு வெளியே வாங்குவதற்குக் கதவைத் திறந்துவிட்டு, நீதிமன்றத்தின் கதவைச் சாத்தியது அந்தச் சட்டம்.

ஓராண்டுக்கும் மேலாக டெல்லி எல்லையில் விவசாயிகள் குளிரிலும் வெயிலிலும் அமர்ந்திருந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதையும் எந்த விவாதமுமின்றி ஒரே நாளில் இரு அவைகளிலும் முடித்தார்கள். கொண்டுவந்தபோதும் ஆராயவில்லை. திரும்பப் பெற்றபோதும் பேசவில்லை. மூமின்களின் காரியங்கள் தமக்கிடையே கலந்தாலோசித்து நடைபெறும் என்று அஷ்ஷூரா அத்தியாயம் புகழ்ந்துரைக்கும் பண்பு, கோடிக்கணக்கானோரின் வயிற்றைத் தொடும் சட்டத்துக்கு வேண்டாமா? அச்சட்டங்களை ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும் இந்தக் கேள்வி பொதுவானது.

"இதெல்லாம் டெல்லி விவகாரம்" என்று நம் சட்டமன்ற உறுப்பினர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் வேளாண்மை 14ஆம் பதிவாகவும், சந்தைகள் 28ஆம் பதிவாகவும், கடன் கொடுக்கும் தொழிலும் வேளாண் கடன் நிவாரணமும் 30ஆம் பதிவாகவும் இருக்கின்றன. வங்கிகள்தாம் மத்திய அரசின் பொறுப்பு. மண்டியும், முன்பணமும், தராசும் மாநிலத்தின் பொறுப்பு. தேர்தல் வந்தால் ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்து தேநீர் அருந்திச் செல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளே இவை.

அவர் ஏன் மண்டிக்குப் போகிறார்?

மண்டிக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, அது நீதியாகாது. மகளின் திருமணத்துக்கும், நள்ளிரவில் மருத்துவமனைச் செலவுக்கும் கதவைத் தட்டினால் திறப்பவர் அவர்தான். தந்த பணம் மழையிலும் வெள்ளத்திலும் திரும்பாமல் போன அனுபவமும் அவருக்கு உண்டு. ஆனால் விவசாயி அவரிடம் போவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதில் நம்மவர் பலருக்குப் பங்குண்டு.

தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துபவருக்கு வட்டி இல்லை. அதை மாநில அரசு ஏற்கிறது. தவணை தவறினால் வட்டி என்ற நிபந்தனை குறித்து உலமாக்கள் ஆராய்ந்து வழிகாட்ட வேண்டும் என்பது தனிச் செய்தி. இங்கே நாம் கேட்பது, அந்தக் கடன் யாருக்குக் கிடைக்கிறது என்பதை. சிட்டாவும் அடங்கலும் கொண்டுவருபவருக்குக் கிடைக்கிறது. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபோதும், சங்கத்தில் கணக்கு உள்ளவருக்கே அது சென்றது. வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுபவரின் பெயர் அந்தப் பட்டியலில் எப்படி வரும்? அவருடைய கடன் மண்டியின் சிட்டைப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தள்ளுபடி செய்ய எந்த அரசாணையும் வராது.

குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்ய 1969இலேயே குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்துவிட்டது. நிலத்துக்காரர்தான் கையெழுத்திட அஞ்சுகிறார். "எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்" என்கிறார். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் நம் குடும்பங்களிலும், சில இடங்களில் வக்ஃப் நிலங்களிலும் இதுவே நிலை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? தொழுகை பற்றியதா, நோன்பு பற்றியதா? கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம். எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும், கடன்படுபவர் சொல்ல எழுத வேண்டும், அவர் பலவீனரானால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும், சிறிதோ பெரிதோ எழுதுவதில் சோம்பல் கூடாது என்று எவ்வளவு விரிவாகக் கட்டளையிடுகிறது! அந்த வசனத்தை பரக்கத்துக்காக ஓதும் வீட்டில், குத்தகைதாரருக்கு ஒரு துண்டுச் சீட்டு கூடக் கொடுப்பதில்லை என்றால் ஓதியதன் பொருள் என்ன?

பிற சமயத்தாரின் பிரச்சினையா இது?

நம் சமுதாயத்தில் வணிகர் மிகுதி, விவசாயிகள் குறைவு, இது நமக்கு ஏன் என்று கேட்போரும் இருக்கின்றனர். வணிகர் மிகுதி என்பதனாலேயே இது நமக்குரிய பிரச்சினை. அதிகம் கொடுப்பவரும் வாங்குபவரும் நாமாக இருக்கும் இடத்தில் அதிகம் விசாரிக்கப்படுபவரும் நாமாகவே இருப்போம்.

மேலும், ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நினைவுகூர்வோம். யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவில் சரக்கை விற்றார். வாங்கிய குறைஷிப் பிரமுகர் விலையைக் கொடுக்கவில்லை. அந்த வெளியூர்க்காரருக்காகக் குறைஷியரில் சிலர் கூடி, மக்காவில் அநீதிக்குள்ளான எவருக்கும் துணை நிற்போம் என்று உறுதி பூண்டனர். நபித்துவத்துக்கு முன்னர் நடந்த அந்த உடன்படிக்கையில் அண்ணலாரும் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்தபின் அழைக்கப்பட்டாலும் ஏற்பேன் என்று பின்னாளில் சொன்னார்கள். விற்ற பொருளுக்குப் பணம் வராத ஒருவருக்காக எழுந்த உடன்படிக்கை அது. இன்று அதே நிலையில் நிற்கும் விவசாயி எந்தச் சமயத்தவராயினும் அவருக்குத் துணை நிற்பது நபிவழி.

நாம் கேட்க வேண்டியவை

சட்டமன்றத்திடம் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்வோம். முதலாவது, கடன் கொடுத்தவருக்கே விளைபொருளை விற்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விரும்பிய இடத்தில் விற்கும் உரிமை விவசாயிக்கு உறுதிப்பட வேண்டும். இரண்டாவது, மண்டி முன்பணம் எதுவாயினும் தமிழில் எழுதப்பட்ட சீட்டு விவசாயியின் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, குத்தகைதாரருக்கு நிலத்துக்காரரின் தயவை எதிர்பாராமல் சாகுபடிச் சான்றின் பேரில் கூட்டுறவுக் கடன் கிடைக்க வேண்டும். நான்காவது, 1957, 1987, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் எவ்வாறு நடைமுறையாகின்றன என்ற அறிக்கையை அரசு ஆண்டுதோறும் அவையில் வைக்க வேண்டும். சட்டமன்றக் குழு கொள்முதல் நிலையங்களுக்கும் விற்பனைக் கூடங்களுக்கும் அறுவடைக் காலத்தில் நேரில் சென்று பார்க்க வேண்டும். ஐந்தாவது, வேளாண் வணிகத்தைத் தொடும் எந்த மசோதாவும் விவசாயிகளின் கருத்தைக் கேட்கும் குழுவைக் கடந்தே நிறைவேற வேண்டும்.

நம் மஹல்லாக்களிடம் கேட்க வேண்டியவையும் உள்ளன. நிலம் வைத்திருப்போர் குத்தகையை எழுத்தில் கொடுக்கட்டும். மண்டி வைத்திருப்போர் முன்பணத்தையும் கொள்முதலையும் இரண்டு தனிக் கணக்குகளாக்கட்டும். கடன்பட்டவருக்கும் கடன்படாதவருக்கும் ஒரே விலை, ஒரே எடை என்று கடையில் எழுதிவைக்கட்டும். முன்கூட்டியே வாங்க விரும்புவோர் முறையான ஸலம் ஒப்பந்தம் செய்து, அளவும் தரமும் தவணையும் எழுதி, முழு விலையையும் அன்றே கொடுக்கட்டும். பைத்துல்மால்கள் விதைப்புக் காலத்தில் விவசாயிகளுக்கு வட்டியில்லா அழகிய கடனுக்கு ஒரு பகுதியை ஒதுக்கட்டும். ஸகாத்தின் எட்டுப் பங்குகளில் கடனில் மூழ்கியோருக்கும் பங்குண்டு என்பதை ரமளானில் மட்டும் நினைக்காமல் அறுவடை பொய்த்த மாதத்திலும் நினைக்கட்டும். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்றும் இறைவன் 280ஆம் வசனத்தில் கற்பிப்பது யாருக்கு? கடன் கொடுக்கும் நிலையில் இருப்பவருக்குத்தான்.

"ஊரெல்லாம் இப்படித்தான் நடக்கிறது, நாம் மட்டும் மாறினால் வியாபாரம் போய்விடாதா?" என்ற அச்சம் எழலாம். இறுதி ஹஜ்ஜின் பேருரையில் அண்ணலார் (ஸல்) அறியாமைக் கால வட்டி முழுவதையும் ரத்து செய்தார்கள். அன்று முதலாவதாக ரத்தான வட்டி தம் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மக்கள் தர வேண்டியிருந்த வட்டி. ஊரார் மாறட்டும் என்று நபியவர்கள் காத்திருக்கவில்லை. தம் குடும்பத்தின் வரவிலிருந்து தொடங்கிய பின் அந்தச் சட்டம் எல்லோர் மீதும் அமலாயிற்று. சட்டமன்றத்தின் வாசலில் நின்று நீதி கேட்கப் போகும் சமுதாயம் முதலில் தன் கணக்கேட்டைத் திருத்திக்கொண்டு போனால் அந்தக் குரலுக்கு மறுமொழி சொல்லாமல் எவரும் நகர முடியாது.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! உழைப்பவரின் வியர்வை உலருமுன் உரியதைக் கொடுக்கும் மக்களாக நம்மை ஆக்குவானாக! ஆட்சியில் இருப்போரின் உள்ளங்களில் நீதியை விதைப்பானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.